காற்று அடங்கும், கிளையன்ட் அடங்கமாட்டார்: ‘டை டவுன்’ (die down) பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டுக் கிளையன்ட் ஒருவர் போனில் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்துவிட்டு வைத்தார். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று லண்டனில் இருந்த மேலாளர் மெயிலில் கேட்டார். ‘மனுஷன் கொஞ்சம் அடங்கட்டும் சார், அப்புறம் பேசிக்கலாம்’ என்பதுதான் என் மனதில் ஓடிய பதில். விரல் தட்டியதோ, ‘லெட் த கிளையன்ட் டை டவுன், தென் வி வில் கால்.’ ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: கிளையன்ட் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அகராதியைப் பார்த்தால் என்மேல் தப்பு சொல்ல முடியாது. ‘டை டவுன்’ என்றால் அடங்குதல், தணிதல், ஓய்தல் என்றுதான் போட்டிருக்கும். சிக்கலே அங்கேதான். தமிழில் காற்றும் அடங்கும், கலவரமும் அடங்கும், வாலுப்பையனும் அடங்குவான். ஆங்கிலத்தில் முதல் இரண்டுக்கும் ‘டை டவுன்’ போடலாம், மூன்றாவதுக்குப் போட்டால் பையனுக்குக் காரியம் செய்ய ஆள் அனுப்பிவிடுவார்கள். அதனால் அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை. எந்தப் பொருள் தணிகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் வினைச்சொல்லை எடுக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முதல் படி: நின்றதா, அடங்கியதா?

2016 டிசம்பர் 12 சென்னையில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். வர்தா புயல் கரையைக் கடந்த நாள். காலையிலிருந்து காற்று போட்ட போட்டில் எங்கள் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, நிறுத்தியிருந்த இரண்டு பைக்குகளின் மேல் படுத்துக்கொண்டது. மதியத்துக்கு மேல் சட்டென்று ஓர் அமைதி. இலை அசையவில்லை. கதவுகள் திறந்தன, ஆட்கள் வெளியே வந்தார்கள். ‘அடங்கிடுச்சுப்பா, வண்டிய எடுக்கலாம் வா’ என்று எதிர்வீட்டு அக்கா தம்பியைக் கூப்பிட்டார். கீழ்வீட்டுப் பெரியவர் மட்டும் ‘உள்ள போங்கம்மா, புயலோட கண்ணு தாண்டுது, இன்னொரு பாதி பாக்கி இருக்கு’ என்றார். சொன்னபடியே, கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று கிளம்பியது.

அந்த இடைவேளையை ஆங்கிலத்தில் சொன்னால் ‘த விண்ட் டைடு டவுன்’. ‘ஸ்டாப்டு’ என்று சொன்னால் காற்றே நின்றுவிட்டது, கதை முடிந்தது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘டை டவுன்’ அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை. வேகமாக இருந்த ஒன்று வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பூச்சியமாகியும் இருக்கலாம், மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் இருக்கலாம், மறுபடி கிளம்பினாலும் கிளம்பலாம். மறுபடி கிளம்புவதற்கும் தனிச்சொல் உண்டு. காற்று என்றால் ‘பிக் அப்’, தீயும் கோபமும் என்றால் ‘ஃபிளேர் அப்’.

இன்னொன்று கவனியுங்கள். தணிவதற்கு முன்னால் அது ஓங்கியிருந்திருக்க வேண்டும். கூச்சலே போடாத வகுப்பில் கூச்சல் ‘டை டவுன்’ ஆகாது. அமைதியும் ‘டை டவுன்’ ஆகாது. அமைதி ஏற்கெனவே அடங்கிய நிலைதானே!

‘டை’ என்றால் சாவு, அதைப் போய்க் காற்றுக்கு எப்படிச் சொல்வது என்று சிலருக்கு மனசு ஒப்புவதில்லை. என்னிடம் படிக்க வந்த ஓர் அம்மா, வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டேன் என்றார். நம் ஊரில் மட்டும் என்ன? ‘மூச்சு அடங்கிடுச்சு’ என்கிறோம். ‘அடக்கம்’ என்ற ஒரே சொல்லில் பணிவும் இருக்கிறது, இடுகாடும் இருக்கிறது. அவர்கள் சாவிலிருந்து தணிவுக்குப் போனார்கள், நாம் தணிவிலிருந்து சாவுக்கு வந்தோம். ‘டவுன்’ ஒட்டிக்கொண்டுவிட்டால் அதில் அமங்கலம் எதுவும் இல்லை. தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டாம் படி: தானாக அடங்க வேண்டும்

பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கிறதா? அடங்கு என்றால் தானாக, அடக்கு என்றால் இன்னொருவர். ஆறு, ஆற்று. தணிந்தது, தணித்தது. தமிழில் ஒரு சின்ன எழுத்தைத் திருகினால் போதும், ஒன்று மற்றொன்றாகிவிடும். ‘டை டவுன்’ எப்போதும் தன்வினை. அதற்குப் பிறவினை வடிவமே கிடையாது.

மெரினாவில் சோளம் சுடும் அக்காக்களை நின்று பார்த்திருக்கிறீர்களா? கரியை மூட்டியதும் விசிறியால் படபடவென்று விசிறுவார்கள், தீ எழும்பும். உடனே கதிரை வைக்க மாட்டார்கள். வைத்தால் மேலே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். விசிறியை மடியில் வைத்துக்கொண்டு யாரிடமாவது சில்லறை வாங்குவார்கள், எலுமிச்சம்பழத்தை அறுத்து உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த கிண்ணத்தில் வைப்பார்கள். அதற்குள் தீநாக்கு இறங்கி, கரி சிவந்த கங்காக மாறியிருக்கும். அப்புறம்தான் கதிர் அடுப்பில் ஏறும். அந்த அக்கா தீயைத் தொடவே இல்லை. விசிறுவதை நிறுத்தினார், அது தானாகத் தணிந்தது. ‘ஷி லெட் த ஃபிளேம்ஸ் டை டவுன்.’ இந்த ‘லெட்’தான் நமக்கு இருக்கும் ஒரே வழி. அது ‘தணித்தாள்’ இல்லை, ‘தணியவிட்டாள்’.

இதே வேலையை வீட்டு கேஸ் அடுப்பில் செய்தால், குமிழைத் திருப்புவது நீங்கள். அங்கே ‘டர்ன் டவுன்’. போலீஸ் கலவரத்தை அடக்கினால் அதுவும் ‘டை டவுன்’ இல்லை. ‘த போலீஸ் டைடு டவுன் த ரயட்’ என்று எழுதினால் வாக்கியமே உடைந்துவிடும். ‘பிராட் த ரயட் அண்டர் கன்ட்ரோல்’ என்று எழுதலாம். சுருக்கமாக வேண்டுமென்றால் ‘குவெல்டு’.

செயப்பாட்டு வினைக்கும் இதே கதிதான். ‘த நாய்ஸ் வாஸ் டைடு டவுன்’ என்று நம்மவர்கள் எழுதுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘சத்தம் அடக்கப்பட்டது’ என்ற நினைப்பில் வருவது. அந்த ‘வாஸ்’ஐ எடுத்துவிட்டால் வாக்கியம் சரி. ‘டை’க்கும் ‘டவுன்’க்கும் நடுவில் எதையும் செருகவும் கூடாது. செருக செயப்படுபொருளே இல்லை என்பதால் இது தானாகவே புரிந்துவிடும்.

மூன்றாம் படி: காலம்

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கும். வினைமுடிவை வைத்தே ஆங்கிலக் காலத்தைப் பிடித்துவிடலாம். சத்தம் அடங்கியது என்றால் ‘டைடு டவுன்’. அடங்கிவிட்டது, அதாவது இப்போது அமைதியாக இருக்கிறது என்றால் ‘ஹேஸ் டைடு டவுன்’. அடங்கிக்கொண்டு வருகிறது என்றால் ‘இஸ் டையிங் டவுன்’. அடங்கட்டும் என்றால் ‘லெட் இட் டை டவுன்’.

‘டையிங்’ எழுதும்போது ஐயும் இயும் போய் அந்த இடத்தில் ஒய் வந்து உட்காரும்: டி, ஒய், ஐ, என், ஜி. ஒய்க்குப் பக்கத்தில் ஓர் இயைச் சேர்த்துவிட்டால் அது துணிக்குச் சாயம் போடுகிற ‘டையிங்’ ஆகிவிடும்.

நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் ‘அடங்கும் வரை’. ‘மழைக்காற்று அடங்கும் வரை இங்கேயே இருப்போம்’ என்பது வருங்காலம் என்பதால் ‘அன்டில் த விண்ட் வில் டை டவுன்’ என்று வாயில் வந்துவிடும். ‘வில்’ வேண்டாம். ‘அன்டில்’, ‘ஒன்ஸ்’, ‘ஆஃப்டர்’, ‘வென்’ எதற்குப் பின்னாலும் சாதாரண நிகழ்காலம் போதும்: ‘லெட்ஸ் ஸ்டே ஹியர் அன்டில் த விண்ட் டைஸ் டவுன்.’ அதேபோல ‘அடங்காத வரைக்கும் நகரக் கூடாது’ என்று எதிர்மறையில் யோசித்து ‘டில் இட் டஸ்ன்ட் டை டவுன்’ என்பார்கள். அது நேர்மாறான பொருள் தரும். ‘அன்டில்’லுக்குள்ளேயே அந்த ‘இல்லாத’ ஒளிந்திருக்கிறது.

நான்காம் படி: எது எதோடு சேரும்

இதுதான் வழிகாட்டியின் வயிறு. நிதானமாகப் படியுங்கள்.

தயங்காமல் ‘டை டவுன்’ போடக்கூடியவை: காற்று, புயல், தீ, சத்தம், கூச்சல், சிரிப்பு, கைதட்டல், கோபம், உற்சாகம், பரபரப்பு, சர்ச்சை, வதந்தி, எதிர்ப்பு, சண்டை. எல்லாமே ஓங்கி எழுந்து இறங்கக்கூடியவை, அலை மாதிரி.

கைதட்டலுக்கு ஓர் உதாரணம் சொல்லாமல் போக மனமில்லை. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட், டெண்டுல்கர் 136. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் அவர் அவுட்டாகி, இந்தியா 12 ரன்னில் தோற்றது. மைதானமே உறைந்துபோனது. அப்புறம் பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வர, சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதை எழுதும்போது ‘த அப்லாஸ் டுக் எ லாங் டைம் டு டை டவுன்’ என்று எழுதலாம். ‘த கிரௌடு டைடு டவுன்’ என்று எழுதினால் ஸ்டேடியத்துக்கு ஆம்புலன்ஸ் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆக முக்கியமான விதி இது: மனிதர்கள் ‘டை டவுன்’ ஆவதில்லை, அவர்களிடமிருந்து கிளம்புவதுதான் ஆகும். அவர் கோபம் ‘டைடு டவுன்’, அவர் ‘காம்டு டவுன்’. பிள்ளைகள் ‘செட்டில் டவுன்’, அவர்கள் போட்ட கூச்சல் ‘டை டவுன்’. தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் கூட்டம் குறைந்தால் ‘த கிரௌடு தின்டு அவுட்’. தீபாவளி ‘ரஷ்’ குறைந்தால் ‘த ரஷ் டைடு டவுன்’. ஒரே தெரு, ஒரே கூட்டம், ஆனால் ஆட்களைப் பார்க்கிறீர்களா, நெருக்கடியைப் பார்க்கிறீர்களா என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. இதனாலேயே ‘அடங்குடா!’ என்று தம்பியை அதட்டுவதை ‘டை டவுன்!’ என்று சொல்ல முடியாது. ‘காம் டவுன்’ போதும். கொஞ்சம் காரம் வேண்டுமென்றால், அவன் கத்திக்கொண்டிருக்கும் பட்சத்தில், ‘பைப் டவுன்’.

மழை கொஞ்சம் எல்லைக்கோட்டில் நிற்கிறது. ‘த ரெயின் ஹேஸ் டைடு டவுன்’ என்றால் தப்பில்லை, ஆனால் ஆங்கிலக்காரர் வாயில் ‘லெட் அப்’தான் இயல்பாக வரும். அதிலும் எதிர்மறையில். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ‘விடவே மாட்டேங்குதே’ என்கிறோமே, அதற்கு ‘இட் இஸ் நாட் லெட்டிங் அப்’. தமிழிலும் ‘விடு’, அங்கேயும் விடுகிற ‘லெட்’. இப்படி ஒன்று அதிசயமாகப் பொருந்தும்போது ஒரு சந்தோஷம்.

தண்ணீர் கதை வேறு. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரைத் தெருக்களில் வெள்ளம் வடிந்ததைச் சொல்ல ‘ரிசீடு’ (recede) வேண்டும், பேச்சில் ‘த வாட்டர் வென்ட் டவுன்’. வீக்கமும் நமக்கு வடியும், அவர்களுக்கும் ‘கோ டவுன்’. காய்ச்சல் இறங்கினால் ‘கம் டவுன்’ அல்லது ‘கோ டவுன்’. கோயம்பேட்டில் தக்காளி விலை இறங்கினாலும் அப்படியே. அளந்து எண்ணில் சொல்லக்கூடிய எதற்கும் ‘டை டவுன்’ ஒட்டாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் 41 டிகிரி இருந்தது கடல்காற்று வந்து 36 ஆனால், டெம்பரேச்சர் ‘டைடு டவுன்’ இல்லை, ‘கேம் டவுன்’.

பல் பிடுங்கப் போனால் ஊசி போடுவார்கள், கன்னம் மரத்துப்போகும். இரண்டு மணி நேரத்தில் அந்த மரத்தல் விலகும்போது ‘வேர் ஆஃப்’. மருந்தின் வீரியம், காபி தந்த சுறுசுறுப்பு, புது போன் வாங்கிய மோகம் எல்லாம் ‘வேர் ஆஃப்’ ஆகும். துணி தேய்ந்து நைவது போல ஒரு விளைவு தேய்வது. வலி குறைந்தால் ‘ஈஸ்’ அல்லது ‘சப்சைடு’. ‘சப்சைடு’ கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட சொல். மருத்துவ அறிக்கையிலும் செய்தியிலும் வரும், டீக்கடையில் வராது.

சர்ச்சைக்கு மட்டும் இரண்டு சொற்கள் போட்டி போடும். ‘டை டவுன்’ என்றால் பேச்சு குறைந்துவிட்டது. ‘புளோ ஓவர்’ (blow over) என்றால் பெரிய சேதமில்லாமல் கடந்து போய்விட்டது. ‘ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க’ என்று ஆறுதல் சொல்ல ‘இட் வில் புளோ ஓவர்’. ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்று, வேண்டுமென்றே ஒரு விஷயத்தை ஆறப்போட்டுக் காத்திருப்பவரைச் சொல்ல ‘ஹி இஸ் வெயிட்டிங் ஃபார் இட் டு டை டவுன்’.

ஐந்தாம் படி: உடன்பிறப்புகள்

‘டை’ குடும்பத்தில் இன்னும் மூன்று பேர் உண்டு, முகஜாடை ஒன்றுபோல இருக்கும். ‘டை அவே’ காதுக்கு உரியது. கபாலீசுவரர் கோயில் மணி அடித்து நின்ற பிறகும் ஒரு ரீங்காரம் தேய்ந்துகொண்டே போய்க் காதில் விழாமல் போகிறதே, அதுதான். காற்றுக்கும் சொல்லலாம். ‘டை ஆஃப்’ ஒவ்வொன்றாக மடிவது. மீன்தொட்டியில் பம்ப் பழுதாகி வாரத்துக்கு இரண்டு மீன் மிதந்தால் அது.

‘டை அவுட்’ வழக்கொழிந்து போவது. தந்தி அடிக்கும் வழக்கம் செல்போன் வந்ததும் ‘டைடு அவுட்’. ஆனால் 2013 ஜூலையில் அரசு தந்திச் சேவையை மூடியதே, அது ‘ஷட் டவுன்’, ஏனென்றால் மூடியவர் ஒருவர் இருக்கிறார். கை ரிக்‌ஷாவும் தமிழ்நாட்டில் ‘டை அவுட்’ ஆகவில்லை. 1973இல் அரசு ஒழித்தது, ஆகவே ‘அபாலிஷ்’. பழைய தன்வினை, பிறவினை கணக்கு இங்கேயும் எட்டிப் பார்க்கிறது.

ஆறாம் படி: காதும் வாயும்

இது சின்ன விஷயம்தான். அழுத்தம் ‘டவுன்’ மேல் விழ வேண்டும், ‘டை’ மேல் இல்லை. ‘டைடு டவுன்’ சொல்லும்போது இரண்டு டகரத்தையும் தனித்தனியாக உடைக்காதீர்கள். நாக்கை முதல் டகரத்தில் ஒரு கணம் நிறுத்தி இரண்டாவதில் விடுங்கள். எதிராளி பேசும்போது ‘டை டவுன்’னா ‘டைடு டவுன்’னா என்று காதில் பிரிப்பது கஷ்டம். அந்தச் சின்ன நிறுத்தத்தைத்தான் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சூழலை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

ஏழாம் படி: வாயில் ஒட்டவைக்க

தனி வாக்கியங்களை மனப்பாடம் செய்வதைவிட நான்கு சட்டகங்களைப் பிடித்துக்கொள்வது லாபம். ‘வெயிட் ஃபார்’ போட்டு ஒரு பொருள், பின்னால் ‘டு டை டவுன்’. ‘ஒன்ஸ்’ போட்டு ஒரு பொருள், பின்னால் ‘டைஸ் டவுன்’. ‘திங்ஸ் ஹேவ் டைடு டவுன்’, அதாவது நிலைமை கொஞ்சம் தேவலை. நான்காவது எனக்குப் பிடித்தது: ‘ஷோஸ் நோ சைன் ஆஃப் டையிங் டவுன்’. தமிழில் இதற்கு அச்சு எடுத்தாற்போல் ஒரு சொல் இருக்கிறது, ‘ஓய்ந்தபாடில்லை’. காலையில் தமிழ்ப் பேப்பரில் ‘ஓய்ந்தபாடில்லை’, ‘தணிந்தது’, ‘அடங்கியது’ எது கண்ணில் பட்டாலும் நிறுத்தி, அந்த வாக்கியத்துக்கு ‘டை டவுன்’ செல்லுமா என்று கேட்டுப்பாருங்கள். நான் மின்சார ரயிலில் இதை ஒரு வருஷம் செய்தேன். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குள் நாலைந்து கிடைக்கும்.

இப்போதே கொஞ்சம் பார்ப்போம். ‘தீபாவளி வெடிச்சத்தம் நடுராத்திரிக்குத்தான் அடங்கியது’: சத்தம், தானாக, ‘டைடு டவுன்’ செல்லும். ‘அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது’: செல்லாது, ‘ஹேஸ் கான் டவுன்’. ‘டீச்சர் வந்து வகுப்பை அடக்கினார்’: அடக்கியவர் இருக்கிறார், செல்லாது, ‘குவைட்டன்டு த கிளாஸ்’. ‘அந்த வதந்தி இன்னும் ஓய்ந்தபாடில்லை’: கண்ணை மூடிக்கொண்டு போடலாம். என் கிளையன்ட் வாக்கியம்? ‘லெட் ஹிம் காம் டவுன் ஃபர்ஸ்ட்.’ அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் மேலாளருக்கு ஓர் இரங்கல் மெயில் தயார் செய்கிற வேலை மிச்சமாகியிருக்கும்.

போன வாரம் ஒரு பெண் கேட்டாள்: ‘மாமியார் ஊருக்குப் போனதும் வீடு அடங்கிடுச்சு, இதுக்கு என்ன சார்?’ வீடு ஆள் இல்லை, சத்தமும் இல்லை. கொஞ்சம் யோசித்து, ‘திங்ஸ் ஹேவ் டைடு டவுன் அட் ஹோம்’ என்று சொல்லிக்கொடுத்தேன். எழுதிக்கொண்டவள், நோட்டை மூடும் முன் கேட்டாள்: ‘அவங்க ஞாயித்துக்கிழமை திரும்பி வர்றாங்க சார். அதுக்குத்தானே அந்த பிக் அப்?’